ஒரு சக்கரம் போதும்

சாவு வீட்டுக்குத் தீப்பெட்டியோடு போனவன் நான். போனது மட்டும் என்றால் பரவாயில்லை, அங்கே வைத்து அதை உரசியும் தொலைத்தேன். (இந்த வரியைப் படிக்கும்போதே என் மனைவி செல்வி தலையில் கை வைத்திருப்பாள்.) சொன்னால் மானம் போகும் என்று இத்தனை வருடம் எழுதாமல் இருந்தேன். போவதற்கு இனி மானம் ஏதும் மிச்சமில்லை என்று உறுதியானதால் எழுதுகிறேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நான் புளியங்குடிக்காரன். மருந்துக் கம்பெனி வேலைக்காகத் தென்காசியில் வாடகை வீடு. செல்வியின் பெரியப்பா வீடு குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற பாதையில் இருந்தது. எனக்கு அவர் பெரிய மாமா. செங்கோட்டையில் பிறந்தவர், அதுவும் செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவிடம் இருந்த காலத்தில். சாரல் சீசனில் அந்த வீட்டுக்குள் மேகம் வந்துவிட்டுப் போகும். எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பெரிய மாமா அரை நிமிடம் மறைந்துபோய், பிறகு அதே நாற்காலியில் மறுபடி தெரிவார். எனக்கு அது ஒரு நாளும் பழகவில்லை.

யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. எல்லாருக்கும் செத்துப்போன காசுகளின் பெயர்தான். எலும்பும் தோலுமாக இருந்த பால்காரர் தம்பிடி. முன்பல் விழுந்த பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டைக் காலணா. எந்த வேலையையும் பாதியில் விட்டுவிடும் மைத்துனர் அரையணா. கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது, செல்வி ஒருநாள் என் காதில் அந்த விஷயத்தைச் சொல்லும்வரை. முதலில் தம்பிடி போய்ச் சேர்ந்தாராம். அடுத்த மழைக்கு ஓட்டைக் காலணா. அதற்கடுத்து அரையணா. சின்னக் காசிலிருந்து ஆரம்பித்து, வரிசை மாறாமல். மீதியிருந்த ஓரணாவும் எட்டணாவும் அந்தத் தெருப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு மட்டும் அவர் இன்னும் பெயர் வைக்கவில்லை. போகும்போதெல்லாம் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். உதடு அசையும். நான் உடனே “மழை வலுக்கும் போலிருக்கே மாமா” என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

ஒரு சாயங்காலம் நாங்கள் அங்கே போயிருந்தபோது வாசலில் யாருடைய சவ ஊர்வலமோ போனது. சரவெடி பொரிந்து தள்ளியது. பெரிய மாமா சத்தம் வந்த திசையைப் பார்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ள, இங்கன வாரும்.”

போனேன்.

“நான் போகையில எனக்குச் சக்கரம் வைக்கணும்.”

“என்ன மாமா, இப்படியெல்லாம் பேசுதிய?”

“ஒண்ணு போதும். நீரே உம்ம கையால வையும்.”

சக்கரம் என்பது திருவிதாங்கூர்க் காசு. பதினாறு காசு சேர்ந்தால் ஒரு சக்கரம், இருபத்தெட்டு சக்கரம் சேர்ந்தால் ஒரு ரூபாய். இறந்தவர் நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம் வைப்போம் அல்லவா, அந்த இடத்தில் அவருக்கு மகாராஜா காலத்துச் சக்கரம் வேண்டும். அதைத்தான் கேட்டிருக்கிறார். எனக்கு இது அன்று தெரியாது. எங்கள் புளியங்குடியில் சக்கரம் இரண்டு வகைதான். ஒன்று வண்டியில் உருளும், மற்றது தீபாவளிக்குத் தரையில் சுற்றும். காது கிழிய வெடிச் சத்தம் கேட்கும்போது ஒருவர் ‘சக்கரம் வைக்கணும்’ என்றால் நான் வேறு எதை நினைப்பேன், நீங்களே சொல்லுங்கள். ஆர்ப்பாட்டமான சரவெடி வேண்டாம், அடக்கமாக ஒரு தரைச்சக்கரம் போதும் என்கிறாரே, என்ன ரசனை என்று மெய்சிலிர்த்துப் போனேன்.

இரண்டே வாரத்தில் ஒரு காலை நேரம் போன் வந்தது. பெரிய மாமா போய்விட்டார்.

செல்வி அழுதுகொண்டே முதல் பஸ்ஸில் கிளம்பினாள். நான் பட்டாசு தேடிக் கிளம்பினேன். ஆடி மாதத்தில் தென்காசியில் தரைச்சக்கரம் தேடிப் பாருங்கள், தெரியும். கடைசியில் தெரிந்த ஒருவர் தன் கடைப் பரணிலிருந்து போன தீபாவளிப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளே பத்து இருந்தது. பத்தும் நமத்திருந்தது. வீட்டுக்குப் போய், அடுப்பை அணைத்துவிட்டு, தோசைக்கல் சூட்டில் அவற்றைக் காயவைத்தேன். (அந்தத் தோசைக்கல்லைச் செல்வி பிறகு பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள்.)

குற்றாலம் வீட்டில் பெரிய மாமாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மேகம் உள்ளே வந்து அவர் கால்மாட்டில் தேங்கி நின்றது. எல்லாம் முறைப்படி ஆகியிருந்தது, வலது கை ஒன்றைத் தவிர. அது இறுக மூடியிருந்தது. எண்ணெய் தடவி, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார்களாம். அசையவில்லை. யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை, ஆனால் கூடத்தைக் கடந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் கடந்தார்கள்.

அழ வேண்டிய பெண்கள் பரபரவென்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய மாமாவின் மனைவி, என் பெரிய அத்தை, அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“சக்கரத்தக் காணலியேட்டி... சாமி ரூம்ல பாத்தியளா?”

“பாத்தாச்சு ஆச்சி. அங்கன இல்ல.”

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இந்த மனுசன் வேற ஒண்ணுமே கேக்கலியே. சக்கரம் இல்லாம நான் இந்த வாசலத் தாண்ட மாட்டேன், இங்கனயேதான் இருப்பேன்னு சொன்னாரே...”

சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்த்தது சவத்தை அல்ல, அவருடைய காலி நாற்காலியை. எனக்குப் பயமாக இருந்தது. அதே சமயம் பெருமையாகவும் இருந்தது. இவ்வளவு பெரிய பொறுப்பை என்னிடமல்லவா விட்டிருக்கிறார்!

“அத்தை, அழாதிய. சக்கரம் எங்கிட்ட இருக்கு.”

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

“உங்ககிட்டயா மாப்ள?”

“மாமா எங்கிட்டயும் சொல்லியிருந்தாரு. பத்து இருக்கு.”

“பத்தா!” அத்தை எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு போதும்யா. நீங்க மகராசனா இருக்கணும்.”

அந்த நிமிடமே எல்லோரும் தேடுவதை நிறுத்தினார்கள். செல்வியின் தம்பி முருகேசன் மட்டும் என்னைத் தனியே இழுத்துப்போனான். “அத்தான், பத்துச் சக்கரம் எங்கன புடிச்சிய? இப்பம்லாம் கிடைக்காதே.”

“சீசன் இல்லதான். நமக்குத் தெரிஞ்ச கடை” என்றேன் அலட்டிக்கொள்ளாமல். அவன் என்னைப் பார்த்த பார்வையை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் பாடையை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு பேர் தூக்கிப் பிடித்து நிற்க, அத்தை தலைமாட்டில் நின்றாள். பெரிய மாமாவின் நெற்றியில் சந்தனம் குழைத்துப் பூசி, நடுவில் மட்டும் இடம் விட்டிருந்தது. அந்த வெற்றிடத்தை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. காரியம் செய்து வைப்பவர், “சக்கரம் வைக்கிறவிய வாங்க” என்று குரல் கொடுத்தார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. நான் முன்னால் போய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரச் சிமெண்டுத் தரையில் இடத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, ஒரு சக்கரத்தை வைத்தேன். தீக்குச்சியை உரசினேன்.

“என்னய்யா செய்யுதிய?” என்றாள் அத்தை. குரல் மிக மெதுவாக வந்தது.

“சக்கரம் வைக்கேன் அத்தை.”

முதலில் அது புஸ்ஸென்று முனகியது. போச்சு, மாமா கடைசி ஆசை நமத்துப்போச்சே என்று பதறி, குனிந்து ஊதினேன். அவ்வளவுதான். பச்சையும் சிவப்புமாகச் சீறிக்கொண்டு கிளம்பி நேராகப் பாடைக்கு அடியில் போய்விட்டது. சங்கு ஊதுகிறவர் ஒற்றைக் காலில் குதித்தார். அந்தச் சங்கிலிருந்து அப்போது வந்த சத்தத்தை நான் வேறு எங்கேயும் கேட்டதில்லை. பின்னால் பிடித்திருந்த இருவர் கையை விட்டார்கள். பாடை ஒரு பக்கம் தரையில் இடித்தது. பெரிய மாமாவின் வலது கை துணிக்குள்ளிருந்து நழுவி வெளியே தொங்கியது.

எண்ணெய்க்கும் மசியாத அந்தக் கை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக விரிந்தது.

கறுத்துப்போன சின்னக் காசு ஒன்று விழுந்தது. ஈரத் தரையில் உருண்டு, சீறிக்கொண்டிருந்த தரைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து, என் கால் கட்டைவிரலில் முட்டிச் சாய்ந்தது. அதே நேரத்தில் தரைச்சக்கரமும் அணைந்தது. யாரும் அழவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. மலையிலிருந்து மேகம் இறங்கி வந்து முற்றத்தை மூடியது. எதிரே பாடை தெரியவில்லை. மேகம் விலகும்போது அதில் ஆள் இருக்காது என்று நான் உறுதியாக நம்பினேன்.

மேகம் விலகியது. பெரிய மாமா இருந்தார். அத்தை என் காலடிக்குக் குனிந்து காசை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் நெற்றியில் வைத்து அழுத்தினாள். “கைக்குள்ளேயே வச்சிட்டு இருந்திருக்காரு பாரு” என்றாள். பிறகுதான் வாய்விட்டு அழுதாள். தூக்கியவர்கள், மறுபடி எடுக்கும்போது பாடை பாதி கனம்தான் இருந்தது என்று பின்னால் சத்தியம் செய்தார்கள். (அவர்கள் கொஞ்சம் குடித்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.)

செல்வி என்னோடு பதினாறாம் நாள்வரை பேசவில்லை. அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. நான் சாவைச் சந்தி சிரிக்க வைத்தேன் என்பது முருகேசன் கட்சி. நான் வைக்கவில்லை என்றால் அந்தக் கை விரிந்திருக்காது என்பது எதிர்க்கட்சி. எதிர்க்கட்சியில் இருப்பது ஒரே ஒருவர், பெரிய அத்தை.

அவளுக்கு இப்போது வயதாகிவிட்டது. தனக்கு நாலணா போதும், அதையும் நான்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். நாலணாவும் செல்லாமல் போய் வெகுகாலமாகிறது. ஒன்றைத் தேடிப் பிடித்து அவளிடமே கொடுத்து வைத்திருக்கிறேன். எப்போது குற்றாலம் போனாலும், காப்பிகூடத் தராமல் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்பாள். வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து சுற்றி நிற்பார்கள்.

“என்னத்த வைப்பிய மாப்ள?”

“நாலணா அத்தை.”

“எங்கன வைப்பிய?”

“நெத்தியில.”

“தீப்பெட்டி?”

“கொண்டு வரமாட்டேன் அத்தை.”

வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். செல்விதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். அத்தை மட்டும் சிரிக்க மாட்டாள். கடைசிப் பதிலையும் நான் சொல்லி முடிக்கிறவரை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பாள்.