கொலையாளி யாரென்று மதினிக்குத் தெரியும்

இந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. சொன்னவர் ரெங்கம்மாள் மதினி. சமயநல்லூரில் எங்களுக்கு அடுத்த வீடு. கதையோ அவர் புருஷன் முத்திருளன் அண்ணனைப் பற்றியது. அண்ணனிடம் விசாரித்தால், "வெயில் ரொம்பத்தான் அடிக்குது" என்பார். புருஷன் மனசுக்குள் ஓடியதெல்லாம் மதினிக்கு எப்படித் தெரியும் என்பது என் முதல் சந்தேகம். எனக்கும் கல்யாணமாகி இருபது வருஷம் ஆனபிறகு அது தீர்ந்துவிட்டது. இன்னொன்று மட்டும் தீரவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம். அண்ணனுக்கு ஐம்பதை எட்டுகிற வயது. டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில், பழைய புத்தகக் குவியலுக்கு நடுவே ஒன்றைப் பார்த்தவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்து நாளில், வாரம் ஒரு அத்தியாயமாக, சலூன் பெஞ்சில் முட்டிமோதிப் படித்த மர்மத் தொடர்! யாரோ பத்திரிகையிலிருந்து கிழித்தெடுத்து, ஊசிநூலால் தைத்து, அட்டை ஒட்டியிருந்தார்கள். ஒரு பங்களா. பங்களாக்காரர் கொலை. வீட்டிலுள்ள அத்தனை பேர் மேலும் சந்தேகம்.

இதில் அண்ணனுக்கு அடித்த யோகம் என்னவென்றால், கொலையாளி யாரென்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. பதினைந்து வயதில் பட்ட திகிலை மறுபடியும் புத்தம்புதிதாகப் படலாம். எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"இனிமே ஞாயித்துக்கெழமை நான் வீட்ல இல்லைன்னு நெனச்சுக்க," என்று பெண்டாட்டியிடம் அறிவித்தார். "பங்களாவுல இருப்பேன்."

ஞாயிறு வந்தது. அண்ணன் பங்களாவுக்குள் போய் ஆறாவது அத்தியாயத்தில் இருந்தார்.

"ஏங்க, ரேஷன் கடையில மண்ணெண்ணெய் ஊத்துறாகளாம். டின்னைத் தூக்கிட்டு ஓடுங்க."

"நான் வீட்ல இல்லை."

"அப்பச் சரி. அந்தப் பங்களாக்காரரக் கொன்னது யாருன்னா..."

"அடியே, நிறுத்து! ஒனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க ஆபீசு போயிருக்கையில படிச்சேன். எங்கப்பன் எட்டாப்பு வரைக்கும் சும்மாவா படிக்கவச்சாரு?"

"பொய்யி."

"ஏழாவது அத்தியாயத்துல சமையக்காரன் கெணத்துல மெதப்பான். வேணும்னா புரட்டிப் பாருங்க."

புரட்டினார். மிதந்தான். அண்ணன் அதுவரை சந்தேகப்பட்டதே அவனைத்தான். ஆறு அத்தியாயத்து மூளை உழைப்பு கிணற்றோடு போயிற்று. டின்னோடு கிளம்பினார்.

அப்புறம் மதினி முழு வாக்கியம் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. "கொன்னது..." என்று ஆரம்பித்தால் போதும். அண்ணன் ஒட்டடை அடித்தார். கயிற்றுக் கட்டிலை இழுத்துக் கட்டினார். தெருக்கதவைச் சாத்திக்கொண்டு இட்லிக்கு மாவு ஆட்டினார்.

நடுநடுவே படிக்கவும் செய்தார். படிக்கப் படிக்க ஒரு குழப்பம். பதினைந்து வயதில் துப்பறிகிறவன் பக்கம் இருந்த மனசு, இப்போது செத்துப்போன பங்களாக்காரர் பக்கம் சாய்ந்தது. அவருக்கும் ஐம்பது வயசு. அவர் பேச்சும் வீட்டில் எடுபடவில்லை. கதையை மாத்திட்டாங்களா, இல்லை என்னைத்தான் மாத்திட்டாங்களா என்று யோசித்தபடியே குழவியைச் சுற்றினார்.

ஒருவழியாகக் கடைசி அத்தியாயம். துப்பறிகிறவன் எல்லாரையும் கூடத்தில் நிறுத்தினான். "கொலையாளி இங்கேதான் இருக்கிறார். அவர்..." என்று விரலை நீட்டினான். அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார்.

அட்டை வந்தது.

"ரெங்கு! கடைசிப் பக்கத்தைக் காணோம்டி!"

"அப்படியா?"

"நீ கிழிச்சியா?"

"எனக்கென்ன கிறுக்கா?"

"சரி, கொன்னது யாரு? சொல்லித் தொலை."

"இம்புட்டு நாளாச் சொல்ல வந்தப்பெல்லாம் காதைப் பொத்துனீக. இப்ப மட்டும் என்னவாம்?"

அண்ணன் ஊரெல்லாம் விசாரித்தார். டீக்கடை ஆண்டிச்சாமி, "டாக்டருதாண்ணே" என்று அடித்துச் சொன்னார். பஸ் கண்டக்டர் காளை, "அந்தக் கதையில டாக்டரே கெடையாதே" என்றார்.

திரும்ப மதினியிடமே வந்து நின்றார். மதினி நிதானமாக வெற்றிலையை மடித்தார்.

"கொட்டாம்பட்டியில எங்கண்ணன் வீட்டுக் காதுகுத்து வருது. வாங்க. சொல்றேன்."

அண்ணன் மிதிப்பதில்லை என்று சபதம் போட்ட வாசல் அது. மச்சினன் பேயாண்டி, மகள் சடங்கில் தன்னை முதல் பந்தியில் உட்காரவைக்கவில்லை என்று பல வருஷப் பகை. "அங்க போனா நான் முத்திருளனே இல்லை" என்று ஊரறியச் சொல்லியிருந்தார்.

போனார். "வாங்க மாப்ள" என்று பேயாண்டி கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்காரவைத்து, பக்கத்திலேயே நின்று கறியை அள்ளி அள்ளி வைத்தார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கறியில் காரம் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில், "இப்பச் சொல்லு" என்றார்.

"என்னத்த?"

"கொன்னது யாருன்னு."

"ஆவணியில எந்தங்கச்சி புதுவீடு பால் காய்ச்சுறால்ல? அங்க வச்சுச் சொல்றேன்."

பத்து வருஷம் ஓடிவிட்டது. மதினி பக்கத்துச் சொந்தத்தில் ஒரு விசேஷத்தையும் அண்ணன் இன்றுவரை தவறவிட்டதில்லை.

எனக்குத்தான் உறுத்தல். மதினி அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்தாரா? படித்துவிட்டுக் கிழித்தாரா? இல்லை, வாங்கும்போதே அது இல்லையா? இல்லாத ஒரு பக்கத்துக்காக ஒரு மனுஷன் பகையையே விட்டுக்கொடுப்பானா? நானாக இருந்தால் நிச்சயம் மாட்டேன் என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். போன வாரம் பொறுக்கமாட்டாமல் நேரே போய்விட்டேன்.

"மதினி, உண்மையைச் சொல்லணும். அந்தக் கடைசிப் பக்கம்..."

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒங்ககிட்டச் சொல்றதுக்கென்ன கொழுந்தனாரே. மொட்டை மாடியில வத்தல் காயுது. மழை வர்றாப்புல இருக்கு. அதை மட்டும் அள்ளியாந்துருங்க, சொல்லிப்புடுறேன்."

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் மேகம் மருந்துக்குக்கூட இல்லை.

"ஏணி எங்க மதினி இருக்கு?" என்று கேட்டேன்.