கிரைண்டர் அண்ணன் காதுகுத்துக்குப் போன கதை

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் கிரைண்டர் அண்ணன் பாட்டு இல்லாத வீடே கிடையாது. அதைக் கேட்டு வாங்கினவர் ஒருத்தரும் கிடையாது.

என் சைக்கிள் பார்ட்ஸ் கடைக்குப் பக்கத்தில் கேசட் பதிந்து தரும் கடை வைத்திருந்தார். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் மறுநாள் பதிந்து தருவார். பி சைடு கடைசியில் நாலைந்து நிமிஷம் டேப் மிஞ்சும். மற்ற கடைக்காரர்கள் அதைச் சும்மா விட்டுவிடுவார்கள். இவர் அதில் தன் சொந்த இசையை ஏற்றிவிடுவார். மாவரைக்கும் கிரைண்டர் சத்தத்தைத் துண்டு துண்டாக ஒட்டி, பழைய கீபோர்டில் நடுநடுவே 'டொய்ங்' சேர்த்த இசை. கேட்டால், எலெக்ட்ரானிக் மியூசிக் என்பார்.

ஒரு மார்கழியில் டீக்கடையில் பக்திப் பாட்டெல்லாம் முடிந்ததும் ஸ்பீக்கரில் மாவு அரைபட ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் கேசட்டும் கையுமாக ஓடி வந்தார்.

"ஏலே, சாமி பாட்டுக்குப் பின்னாடி என்ன கருமத்தப் போட்டு வச்சிருக்க? மால போட்ட சாமி பயந்துபோயி டீயக் கீழ போட்டுட்டாரு!"

"எந்த எடத்துலண்ணே போட்டாரு? டொய்ங்குக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மனுஷன் கேசட்டை மேஜை மேல் வீசிவிட்டுத் திரும்பிப் போனார்.

அண்ணனுக்குச் சொந்தம் என்று இருந்தது செம்பட்டியில் கட்டிக்கொடுத்த ஒரே தங்கச்சிதான். அவள் மகனுக்குக் காதுகுத்து வந்தது. பத்திரிகை வைக்க வந்தவள் கையெடுத்துக் கும்பிட்டே சொன்னாள்.

"அண்ணே, தாய்மாமன் ஒம் மடியிலதேன் புள்ளய உக்கார வைக்கணும். அன்னைக்கு மட்டும் மிசினு கிசினு எதையும் தூக்கிட்டு வந்துறாத."

"சேச்சே" என்றார். நானும் நம்பினேன்.

காதுகுத்தன்று பட்டு வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி, பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தார். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பிள்ளை வீறிட்டது. அந்தக் கூப்பாட்டுக்கு நடுவே அண்ணன் சட்டைப் பையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆசாரி, செத்த நேரம் பொறுங்க. கேசட்டத் திருப்பிப் போட்டுக்கிறேன்."

அடப்பாவி! ஆசாரி கை அந்தரத்தில் நின்றது. அழுத பிள்ளையே ஒரு நிமிஷம் வாயை மூடியது. தங்கச்சி புருஷன் நேரே முன்னால் வந்து நின்றார்.

"எந்திரிங்க மச்சான்."

இன்னொரு காதைச் சித்தப்பா மடியில் வைத்துக் குத்தினார்கள். மாமன் உயிரோடு நிற்கும்போது பிள்ளையை வேறு மடிக்கு மாற்றுவது எங்கள் பக்கம் வெட்டுக்குத்து வரைக்கும் போகிற விஷயம். இவர் சுவரோரம் முதுகைக் காட்டி நின்றார். அப்போதும் கேசட்டைத் திருப்பிப் போட்டு, பையில் ஒளித்து வைத்திருந்த ரிக்கார்டரை ஓடவிட்டார். மண்டபமே காறித் துப்பியது. நானும்தான் திட்டினேன்.

இரண்டு வருஷம் தங்கச்சி பேசவில்லை. தீபாவளிக்குப் போனவரைக் கதவைத் திறக்காமலே அனுப்பினாள். அதற்குள் அண்ணன் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவிட்டார். கடையை மூடிக்கொண்டு அந்தக் காதுகுத்துக் கேசட்டோடு மல்லுக்கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார்.

"தம்பி, பைக்க எடு. செம்பட்டிக்கிப் போவோம்."

"செருப்படி வாங்கவாண்ணே?"

"வாங்கிக்கிருவோம்."

தங்கச்சி வாசலை மறித்து நின்றாள். அண்ணன் ஒரு சிடியை நீட்டினார். என்ன நினைத்தாளோ, வாங்கிப் போய்ப் போட்டாள்.

கிரைண்டர் இல்லை, டொய்ங் இல்லை. மெல்லிய ஒரு ரீங்காரம். தூரத்தில் பிள்ளையின் அழுகை. அதன் மேல் அவளுடைய குரல், "அம்புட்டுத்தேன் தங்கம், அம்புட்டுத்தேன்" என்று திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவை அவள் சொல்லும்போதும் அழுகை கொஞ்சம் குறைந்தது. இந்த ஆளா இதைச் செய்தார்? பிள்ளையின் அழுகை அடங்கிய பிறகும் அடியில் இன்னொரு விசும்பல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இது யாருண்ணே அழுகுறது?" என்று கேட்டாள் தங்கச்சி.

அண்ணன் தரையைப் பார்த்தார். "நாந்தேன். வெட்டிரலாம்னு பாத்தேன் ஆத்தா. அத எடுத்தா பாட்டு நிக்க மாட்டேங்குது."

அவள் ஓங்கி அவர் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அந்தக் கையாலேயே சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வரும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தார். காற்றில் பாதி என் காதில் விழவில்லை. அவர் பேச்சை முடித்துவிடக் கூடாதே என்று திண்டுக்கல் வரைக்கும் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.