ஆற்றை எதிர்த்துப் போன ஸ்டாண்டு

கூச்சப்படுகிறவனைக் கடைக்கு அனுப்பக் கூடாது. அவன் தனக்கு வேண்டியதை வாங்கி வர மாட்டான். கடைக்காரர் மனம் நோகாமல் எதை வாங்க முடியுமோ அதைத்தான் வாங்கி வருவான். எனக்குப் பிடிக்காத நிறத்தில் நான் இன்றுவரை சட்டை போடுவது அப்படித்தான். சட்டையோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு தடவை படகு இஞ்சினுக்கு ஸ்டாண்டு வாங்கப் போனேன்.

நான் தாமிரபரணிக் கரை வண்ணார்பேட்டையில் கரும்புச்சாறு பிழிந்து விற்கிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மனைவி ரோஸ்லின் சொன்னதுதான். அவள் கடற்கரைக்காரி. அவளுடைய அண்ணன் சூசை சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடிக்கிறவர். அவர் பேசினால் அலைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். நான் பேசினால் எனக்கே கேட்காது. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் "சாப்பிட்டீரா", "போய்ட்டு வாரேன்" என்பதைத் தவிர அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை. (அதற்கும் நான் தலையைத்தான் ஆட்டியிருக்கிறேன்.)

அந்த வருஷம் அவருடைய வள்ளத்துக்குப் பலகை மாற்றும் வேலை நடந்தது. அந்த இடைவெளியில் இஞ்சினை எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்தார். வள்ளம் தயாராகும்வரை அது எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், உப்புக்காற்று படாமல் இருக்கும் என்றார். வள்ளத்தின் பின்பக்கத்தில் மாட்டித் தொங்கவிடுகிற இஞ்சின் அது. மேலே கனத்த தலை, கீழே நீண்ட கால், கால் நுனியில் விசிறி. ஆள் எடை இருக்கும். அதை வாசல் சுவரில் சாய்த்துப் பிடித்தபடி சொன்னார்:

"மாப்ள, இதத் தரையில கிடத்தக் கூடாது. பலமா ஒரு ஸ்டாண்டு பாத்து வாங்கி மாட்டி வையும். இது நின்னாத்தான் எங்க வீட்டு அடுப்பு எரியும், பாத்துக்கிடும்."

என்னை நம்பி அவர் சொன்ன முதல் காரியம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேலப்பாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறை உண்டு. 'படகு இஞ்சினுக்கு ஒரு ஸ்டாண்டு' என்று பஸ்ஸில் போகும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இறங்கும்வரை நன்றாகத்தான் வந்தது. பட்டறையில் பார்த்தால் டீ குடித்தபடி நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றிலும் வயலும் ரோடுமாக இருக்கிற ஊரில் ஒருவன் வந்து படகு என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? பட்டறைக்காரப் பாய் என்ன வேண்டும் என்று கேட்டதும், "ஸ்டாண்டு... ஜூஸ் மிஷினுக்கு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஜூஸ் மிஷினுக்கா? அப்பச் சக்கரம் இல்லாம எப்படி அண்ணாச்சி?" என்றார் பாய்.

சக்கரம் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நல்ல ரப்பர் சக்கரமாக நான்கு எடுத்து என் முன்னால் உருட்டிக் காட்டினார். அழகாகத்தான் உருண்டன. அவ்வளவு அன்பாகக் காட்டுகிறவரிடம் எப்படி வேண்டாம் என்பது? கனத்த இரும்புச் சட்டம், மேலே குறுக்கே ஒரு தேக்குப் பலகை என்று மற்றதை மட்டும் ஜாடையில் கேட்டு வாங்கிக்கொண்டேன். முடித்ததும் பாய் என்னை அதன்மேல் உட்கார வைத்தார். பிறகு அவரும் உட்கார்ந்தார். டீ குடித்தவர்களில் பருமனான ஒருவரும் வந்து உட்கார்ந்தார். ஸ்டாண்டு முனகக்கூட இல்லை.

இஞ்சினை அதில் மாட்டி முன்னறையில் நிறுத்தினோம். அதன்பிறகு சாயங்காலங்களில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். லேசாக மீன் வாசமும் டீசல் வாசமும் வரும். கண்ணை மூடினால் எங்கள் வீடு மெல்ல அசைந்து கிளம்பிவிடும். வண்ணார்பேட்டை மேம்பாலம் பின்னால் போகும், பஸ்கள் எல்லாம் தூரத்து விளக்குகளாகிவிடும், நான் ஒருவன் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பேன். (சோறு ஆறுவது தெரியாது. ரோஸ்லின் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் கரையேறுவேன்.)

வள்ளம் தயாரானதும் சூசை மச்சான் வந்தார். கொண்டுபோகும் முன் நல்ல தண்ணீரில் ஒருதடவை ஓடவிட்டால் உள்ளே இருக்கிற உப்பெல்லாம் கழுவிப் போய்விடுமாம். வாசலில் ஒரு டிரம்மில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். அப்போதுதான் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு யோசனை சொன்னேன்.

"ஆத்துல வச்சு ஓட்டலாமே மச்சான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சரி என்றார். அந்தச் சரியைக் கேட்ட சந்தோஷத்தில் தாமிரபரணிவரை ஸ்டாண்டை நானே தள்ளிக்கொண்டு போனேன். சக்கரம் இருந்தது எவ்வளவு வசதி என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஓடியது. அடியில் தகடு போல வழுவழுப்பான பாறை. அதன்மேல் ஸ்டாண்டை இறக்கி நிறுத்தினோம். ஆறு இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று, இழுப்பு போகிற பக்கமாகச் சக்கரங்களுக்கு நானே கல் முட்டுக் கொடுத்தேன். எதிர்ப்பக்கம் எதற்கு? எந்தப் பொருளாவது ஆற்றை எதிர்த்துப் போகுமா?

மச்சான் இஞ்சின் கயிற்றை இழுத்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டு, போன் அடிக்கிறதென்று கரையேறினார்.

தண்ணீர் மினுமினுத்தது. அக்கரைத் தென்னைகள் கொஞ்சம் மங்கலாக, யாரோ ஊதிவிட்டது போல ஆடின. இஞ்சின் அடிப்பது உள்ளங்கை வழியாக என் நெஞ்சுக்கு வந்தது. எந்தக் கரை, எந்தக் கடல் என்று தெரியவில்லை. கப்பல் தலைவன் மாதிரி, கியர்க் கம்பியைப் பைய ஒரு தட்டுத் தட்டினேன்.

ஸ்டாண்டு கிளம்பியது. ஆற்றை எதிர்த்து.

கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்தேன். பிடியைத் திருகத் திருக வேகம் கூடும் என்பது எனக்குத் தெரியாது. பயந்து இன்னும் கெட்டியாகப் பிடித்தேன், பிடியும் கூடவே திருகியது. இன்னும் வேகமாகப் போனது. கரையில் மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "கைய விடும் மாப்ள, கைய விடும்" என்று அவர் கத்தியது ஊருக்கே கேட்டது. எனக்கும் கேட்டது. ஆனால் விட்டால் இஞ்சின் தண்ணீரில் போய்விடுமே, அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்துவிடுமே! இன்னும் இறுக்கினேன்.

எதிரே பெண்கள் குளிக்கும் படித்துறை. அங்கே போய் நான் எப்படிப் பார்ப்பேன்? கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"யக்கா, ஆத்துல வண்டி வருதுக்கா."

"கண்ண மூடிக்கிட்டுல்லா ஓட்டுதாரு. கண்ணு தெரியாதவரு போல, பாவம்."

"ஏவே, கண்ணத் தொறந்துதான் வாருமே. மேல ஏத்தவா போறீரு?"

'மன்னியுங்கள்' என்று சொல்ல நினைத்தேன். உதடு மட்டும் அசைந்திருக்கும். யாரோ அலசிக்கொண்டிருந்த போர்வை ஒன்று விசிறியில் போய்ச் சுற்றிக்கொண்டது. இஞ்சின் இருமி, நின்றது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

மச்சான் மூச்சிரைக்கத் தண்ணீரில் இறங்கி வந்தார். முதலில் இஞ்சினைத் தடவிப் பார்த்தார். தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. விசிறியில் ஒரு சின்ன ஆணி மட்டும் முறிந்திருந்தது, வேறு போட்டுக்கொள்ளலாம் என்றார். பிறகு ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

"ஸ்டாண்டு பலமாத்தான் வாங்கியிருக்கீரு மாப்ள" என்றார். சொல்லிவிட்டு அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். போர்வைக்காரம்மா திட்டிக்கொண்டே சிரித்தார்கள். கண்ணைத் திறந்துவிட்ட தைரியத்தில் நானும் கொஞ்சம் சிரித்தேன்.

அன்று மத்தியானம் மச்சான் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு ஏன் கடல் மேல் இவ்வளவு ஆசை என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். இஞ்சினோடு ஊருக்குப் போனார். ஸ்டாண்டை மட்டும் எனக்கென்று விட்டுவிட்டார். அது இப்போது என் கரும்புச்சாறு மிஷினைத் தாங்குகிறது. பாயும் இதற்காகத்தானே செய்து கொடுத்தார்.

அடுத்த முறை வந்தபோது மச்சான் சாக்கில் கட்டி ஒரு சின்ன நங்கூரம் கொண்டுவந்தார். தன் கையாலேயே அதை என் வண்டியில் சங்கிலி போட்டு மாட்டிவிட்டுத்தான் போனார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கரும்புச்சாறு வண்டிக்கு நங்கூரம் எதற்கு என்று கேட்பார்கள். ரோஸ்லின் பக்கத்தில் இருந்தால் முதலிலிருந்து சொல்வாள், படித்துறை வரும்போது அவளும் கண்ணை மூடிக் காட்டுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கரும்பைப் பிழிவேன்.

தெரிந்தவர்கள் கதையெல்லாம் கேட்பதில்லை. டம்ளரை நீட்டும் முன், "அண்ணாச்சி, நங்கூரம் போட்டாச்சா?" என்பார்கள்.

"போட்டாச்சு, போட்டாச்சு" என்பேன். ஒரு நாளில் நான் சத்தமாகப் பேசுவது அது ஒன்றுதான்.