பக்கத்து மனை வேண்டாம், மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மணிகண்டபிரபு அவர்களுக்கு,

ஒரகடத்திலிருந்து பெருமாள்சாமி எழுதிக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரி செல்லக்கனியும் கட்டில்மேல் உட்கார்ந்தபடி நலம். நீங்களும் என் தங்கை முத்துச்செல்வியும் தரையில் நடமாடி நலமாயிருக்க வேண்டுகிறேன்.

கரிசல்காட்டை விற்று எங்கள் பக்கத்து மனையை வாங்கப்போவதாகப் போனில் சொன்னீர்கள். காட்டில் கை வைக்காதீர்கள், மாப்பிள்ளை. நான் மனை பார்க்க வந்தது சித்திரை வெயிலில். பத்தடியில் தண்ணீர் என்றார் புரோக்கர். நம் ஊரில் போர் போட்டுப் போட்டுப் புழுதியைப் பார்த்தவன் வேறென்ன கேட்பேன்? பத்திரம் முடித்து, வீடு கட்டிக் குடிவந்து, தெருவுக்கே லட்டு கொடுத்தேன். ஐப்பசியில் அந்தத் தண்ணீர் பத்தடியும் ஏறி வந்து அடுப்படியில் நின்றது. எதிர்வீட்டு நாகப்பன் உள்ளூர்க்காரர். அவரிடம் போய்க் கத்தினேன். "இன்னா சார், ஏரிக்குள்ள வூடு கட்டிக்கினு ஏரி வந்துச்சுன்றியே!" என்று சிரித்தார். அவர் தாத்தா காலத்தில் தண்ணீர் வற்றியதும் ஏரிக்குள்ளேயே நெல் போட்டார்களாம், அப்புறம் பயிர் முழுகுகிறதென்று கரையை வெட்டி வடித்தார்களாம், கம்பெனிகள் வந்ததும் லாரி லாரியாக மண் கொட்டி மனை போட்டார்களாம். "மன்சனுக்கெல்லாம் சொல்லிட்டாங்கோ, தண்ணிக்குதான் யாரும் சொல்லல" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜாக்கி வைத்து வீட்டையே நான்கடி தூக்கினேன். என் தண்ணீர் நாகப்பன் வீட்டுக்குள் போனது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அடுத்த வருஷம் ஐந்தடி தூக்கினார். தண்ணீர் என்னிடமே திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் ஜாக்கிக்காரரைக் கூப்பிடலாமா என்றேன். "இன்னொரு தடவ தூக்குனீகன்னா நான் ஏணி வச்சுத்தான் எறங்கணும். அதுக்கு ஊருக்கே போயிருதேன்" என்கிறாள் செல்லக்கனி. தெருவே இப்படித் தூக்கிக்கொண்டிருக்கிறது. பள்ளமாகக் கிடப்பது அந்தப் பக்கத்து மனைதான், அதில் தவளைகள் குடியிருக்கின்றன. உங்களையும் தங்கச்சியையும் அந்தச் சேற்றில் பார்க்க எனக்கு மனசு வராது. காடு கையில் இருக்கட்டும்.

உங்கள் காட்டில் அளவாக மழை பெய்து பருத்தி நன்றாக வெடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெருமாள்சாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் நாகப்பன் ஓடி வந்தார். பக்கத்து மனையை யாரோ கேட்கிறார்களாம், ஆறடிக்கு மண் கொட்டப்போகிறார்களாம். "நம்ம தண்ணி பாதி அந்தப் பள்ளத்துலதான் நிக்குது சார். அது மேடாச்சுன்னா ரெண்டு பேரும் காலி" என்றார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, காட்டை விற்று உடனே புறப்பட்டு வாருங்கள். மனை அருமையான மனை. ஆனால் வாங்கியபின் ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது, மாப்பிள்ளை.