இடது கால் முகாம்

"எல்லாமே இடது கால் செருப்பு சார்!" என்று போனில் கத்தினார் பள்ளிக்கூட முகாம் டீச்சர்.

"எல்லாமேன்னா?"

"முந்நூறும்!"

மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் வெள்ள நிவாரணச் சங்கத்தில் செருப்புப் பொறுப்பு அவருடையது. திடுதிப்பென வந்த தண்ணீரில், படகு எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் ஊர் இறங்கியிருந்தது. கொஞ்சப் பேர் பள்ளிக்கூடத்தில், கொஞ்சப் பேர் அக்கரையில் ஒரு கிடங்கில், மிச்சப் பேர் தூரத்து மலையடி முகாமில். முகாமுக்கு ஒரு போன்தான் உயிரோடு இருந்தது. தண்ணீர் வடிந்த தெருவெல்லாம் கண்ணாடிச் சில்லும் ஆணியும். வெறுங்காலோடு யாரும் வாசலைத் தாண்ட முடியாது. "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பள்ளிக்கூடம், கிடங்கு ரெண்டுலயும் எல்லார் காலிலும் செருப்பு!" என்று அவர் ஊருக்கே வாக்குக் கொடுத்திருந்தார்.

தொழில் புத்தி, பாவம். மாத்திரைகளை அலமாரியில் வகைவகையாக அடுக்குகிறவர், குவியலாக வந்த செருப்பைச் சும்மா விடுவாரா? இடது தனி, வலது தனி என்று சாக்குகளில் கட்ட வைத்தார். சங்கத்தில் நாங்கள் பத்துப் பேர். "என்ன நேர்த்தி!" என்று மெச்சினோமே தவிர, ஒருத்தர் மூளையும் வேலை செய்யவில்லை. லாரி இடதோடு பள்ளிக்கூடத்துக்கும், வேன் வலதோடு கிடங்குக்கும் போய்ச் சேர்ந்தன.

"பதறாதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பதறிக்கொண்டே வேன்காரரைக் கூப்பிட்டார். "தம்பி, கிடங்குல இருக்கிற செருப்பை எல்லாம் அள்ளிப் பள்ளிக்கூடத்துல போடு!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி புன்னகையோடு நின்றார்.

"கிடங்குல இருந்து கூப்பிட்டாங்க. எல்லாம் வலது காலாம். பள்ளிக்கூடத்துல இருக்கிறதை எல்லாம் அங்க கொண்டுபோகச் சொல்லி லாரியை அனுப்பிட்டேங்க."

"எப்போ?"

"நீங்க வேன்காரர்கிட்ட கத்திட்டிருந்தப்போ."

இரண்டு வண்டிகளும் பாலத்தில் எதிரெதிரே வந்தபோது, டிரைவர்கள் கைகாட்டிச் சிரித்துக்கொண்டார்களாம்.

அரைமணியில் மறுபடி டீச்சர். "சார், இப்ப எல்லாமே வலது!"

"பாதி பாதியா மாத்தியிருக்கலாமேங்க?" என்றார் மனைவி.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நான் சொல்லி நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?"

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சங்கம் உட்கார்ந்து ஜோடி சேர்த்தால் விடிந்துவிடும். கடைசியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லாச் செருப்பையும் பாலத்தோர மைதானத்தில் கொட்டுவது. இரண்டு முகாம் ஆட்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது. அவரவர் ஜோடியை அவரவரே தேடிக்கொள்வது.

அவர் மனைவியோடு மைதானத்துக்குப் போனபோது தூரத்திலேயே கூச்சல் கேட்டது. செருப்புக் குவியலை யாரும் சீண்டவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்து உலுக்குகிறார்கள். கத்துகிறார்கள். இரண்டு பெரிய மனிதர்கள் கட்டிக்கொண்டு சேற்றில் விழுந்தே விட்டார்கள்.

"அடிதடியாயிடுச்சு," என்றார் அவர். "நீ வண்டியிலயே இரு."

"அடி விழுந்தா பாதி பாதியா வாங்கிக்கலாம், நடங்க," என்று மனைவி கூடவே வந்தார்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பெண், சிறுமி ஒருத்தியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு நின்றிருந்தாள். மருந்துக்கடைக்காரர் அவள் முன்னால் போய்க் கைகூப்பினார்.

"மன்னிச்சிடும்மா. என் கிறுக்குத்தனத்தால எல்லாரையும் அலைக்கழிச்சுட்டேன். நாளைக்கு மலையடி முகாமுக்குச் செருப்பு போகுது. அதையாவது ஜோடி ஜோடியா கட்டி, ஒழுங்கா அங்கேயே அனுப்பிடறேன்."

அவள் பதறிப்போய் அவர் கூப்பிய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அதை மட்டும் செஞ்சுடாதீங்கண்ணே! மூணு நாளா காணாம தேடின என் பொண்ணு இப்பத்தான் இங்க கிடைச்சா. அவங்களையும் இதே மாதிரி வரவழைங்க, என் தம்பி அந்த முகாம்லதான் இருக்கணும்!"