ஆறடி மச்சானும் கூடை வைத்த சைக்கிளும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் உடம்பளவில் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் எல்லா வகையிலும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படியிருக்கிறது? குறைந்திருந்தால் சந்தோஷம். குறையவில்லை என்றாலும் பாதகமில்லை, அதற்கும் ஓர் உபயோகம் வந்திருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இன்னும் சில நாளில் சுங்க இலாகாவிலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு பழுப்பு உறை வரும். பதறாதீர்கள். நீங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு சைக்கிள் தருவித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அடையாள அட்டையோடு விமான நிலையத்துக் கிடங்குக்கு நேரில் வந்து, இது எனக்காக வந்த சைக்கிள்தான் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், என் குடும்பம் பிழைத்துவிடும். இது எப்படி நேர்ந்தது என்பதை ஒன்று விடாமல் எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் தணிக்கை இலாகாவில் உட்கார்ந்து மற்றவர்கள் விட்டதையெல்லாம் கண்டுபிடித்தவன் நான், நானே எதையாவது விட்டால் நன்றாயிராது.

மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போயிருந்தோம் அல்லவா, அங்கே மருமகள் வேலைக்குச் சைக்கிளில்தான் போவாள். சனி ஞாயிறுகளில் அது சும்மா நிற்கும். உங்கள் தங்கை முதல் வாரம் அதைத் துடைத்தாள், இரண்டாம் வாரம் அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் நடந்தாள், மூன்றாம் வாரம் மருமகள் சீட்டைப் பிடித்துக்கொள்ள ஏறியே உட்கார்ந்துவிட்டாள், இது எதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை, நான் பாட்டுக்கு ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு நாள் தலையை நிமிர்த்தினால் எதிரே ஒரு பெண்மணி கூடை நிறையத் தக்காளியோடு மணியடித்துக்கொண்டு போகிறாள், அட, நம்ம வீட்டுக்காரி ஜாடையில் இந்த ஊரிலும் ஒருத்தி இருக்கிறாளே என்று நினைத்தேன், அந்த அம்மாள் நம் வாசலிலேயே இறங்கி உள்ளே வந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். ஐம்பத்தெட்டு வயதில், மச்சான். விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊருக்குக் கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, "எனக்கு இது மாதிரி ஒண்ணு வாங்கித் தாங்க" என்றாள். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் தனக்கென்று வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். நீங்களே சொல்லுங்கள், நான் மறுக்க முடியுமா? வாங்கிவிட்டேன். வெளிர்பச்சை நிறம், முன்னால் ஒரு கூடை, கூடையில் துணிப்பூ. கடைக்காரர் அவள் உயரத்துக்குச் சீட்டை இறக்கிக் கொடுத்தார்.

மருமகள் ஹேண்டில்பாரைத் திருப்பி, பெடலைக் கழற்றி, டயரில் காற்றை இறக்கி, அட்டைப்பெட்டிக்குள் அடக்கமாக வைத்தாள். அதை எப்படித் திரும்பப் பூட்டுவது என்று மாமியாருக்கு ஒரு பாடமும் நடந்தது. மிச்சமிருந்த இடத்திலெல்லாம் உங்கள் தங்கை போர்வைகளைத் திணித்தாள். நான் 'சக்கரம் 2, பெடல் 2, மணி 1, துணிப்பூ 3' என்று பட்டியல் போட்டு, மூன்று பிரதி எடுத்து, பெட்டியின் மூன்று பக்கத்திலும் ஒட்டினேன். மகன் சிரித்தான். சிரிக்கட்டும்.

இங்கே வந்து இறங்கினோம். சுங்கத்தில் இரண்டு வழி. சொல்வதற்கு எதுவும் இல்லாதவர்களுக்குப் பச்சை, இருப்பவர்களுக்குச் சிவப்பு. எல்லோரும் பச்சையில் போய்க்கொண்டிருந்தார்கள், உங்கள் தங்கையும் தள்ளுவண்டியை அந்தப் பக்கம்தான் திருப்பினாள், நான் பிடித்து இழுத்துச் சிவப்புக்குக் கொண்டுபோனேன், அங்கே யாரும் இல்லை, மேசை மேல் ஒரு மூக்குக்கண்ணாடி மட்டும் இருந்தது, அதற்குரியவர் வரக் கால் மணி நேரம் காத்திருந்தோம். வந்தவர் பெட்டியைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொந்த உபயோகந்தானே சார், போங்க என்றார். அங்கேயே நான் போயிருக்க வேண்டும். என் தலையெழுத்து, சரியாக அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் வந்து நின்றது யார் தெரியுமா, எங்கள் பழைய ஆபீசில் ஒலிபெருக்கி என்று பெயர் வாங்கிய மனிதர், அவர் காதில் காலையில் ஒரு விஷயம் விழுந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான்கு மாடிக்கும் தெரிந்துவிடும், அதே விமானத்தில் வந்திருக்கிறார். "என்ன சார், சைக்கிளா? யாருக்கு?" என்று கேட்டுவிட்டார். அதிகாரியும் பேனாவை மூடாமல் என் முகத்தையே பார்க்கிறார். "என் மச்சானுக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அப்படியென்றால் இது உங்கள் சாமான் இல்லையே சார், இன்னொருவர் சாமானைக் கொண்டு வந்திருக்கிறீர்கள், அது வேறு கணக்காயிற்றே என்றார் அதிகாரி. கெட்டவர் இல்லை மச்சான், எனக்காக இன்னொரு தடவை மெதுவாகக் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார், வீட்டுக்குத்தானே?" ஒலிபெருக்கி இன்னும் நகரவில்லை. மச்சானுக்குத்தான் என்று அடித்துச் சொன்னேன். பெட்டியைப் பிரித்தார்கள். கூடை வெளியே வந்தது. துணிப்பூ வெளியே வந்தது. உங்கள் மச்சான் என்ன உயரம் என்று கேட்டார். ஆறடி என்றேன், உயரத்திலெல்லாம் பொய் சொல்ல எனக்கு வராது. அதையும் எழுதிக்கொண்டார். சைக்கிளைக் கிடங்கில் வைத்துக்கொண்டு, உரியவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும் என்று ஒரு சீட்டை என் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

உங்கள் தங்கை பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்சியில் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். இன்றோடு பத்தொன்பது நாள். வேளா வேளைக்குச் சாப்பாடு மேசைக்கு வருகிறது, அதில் குறை சொல்ல முடியாது, ஆனால் வந்திருக்கிறது என்பதை நானாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னிடம் சொல்ல வேண்டியதை மகனுக்குப் போன் போட்டு, நான் இருக்கும் அறையிலேயே நின்றுகொண்டு அவனிடம் சொல்கிறாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிற சமாச்சாரம் வெளிநாடு போய்த்தான் எனக்கு வந்து சேர்ந்தது. பதிலுக்கு நான் துண்டுச்சீட்டு எழுதி வைக்கிறேன். தினமும் பத்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள், பன்னிரண்டு மணிக்கு முகமெல்லாம் சிவந்து வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருகிறாள், அவ்வளவு கோபம். ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளவும் என்று சீட்டு வைத்தேன். கிழித்துப் போட்டுவிட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. கிடங்குக்கு இதுவரை பதினோரு மனு கொடுத்திருக்கிறேன். மேற்படி சைக்கிள், மேற்படி மைத்துனர், மேற்படி தேதி என்று ஒவ்வொன்றும் நாலு பக்கம். முதல் தடவை போனபோது கிடங்குக்காரர் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார், ஒரு பியானோவுக்கும் ஓர் ஆளுயரக் கண்ணாடிக்கும் நடுவில் நம் பெட்டி என் பட்டியலோடு நின்றது, பட்டியலில் பெயர்ந்திருந்த ஒரு மூலையை அழுத்தி ஒட்டிவிட்டு வந்தேன். அதற்கப்புறம் உள்ளே விடுவதில்லை. ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. நாற்காலி போடுகிறார், டீ வாங்கித் தருகிறார், மனுவை ஒரு வரி விடாமல் படிக்கிறார், படித்து முடித்துவிட்டு, "இவ்வளவுதானா சார், வேற ஒண்ணும் எழுதலையா?" என்று கேட்கிறார். என் எழுத்தை இத்தனை அக்கறையாக எங்கள் ஆபீசில்கூட யாரும் படித்ததில்லை. கடைசியில், மச்சான் வந்தால்தான் ஆகும் என்று முடித்துவிடுகிறார்.

ஆகையால் தவறாமல் வாருங்கள். ஆறடி ஆள் எதற்குப் பெண்கள் சைக்கிளைத் தருவித்தீர் என்று கேட்டால், முழங்கால் வலி, காலைத் தூக்கிக் கம்பியைத் தாண்டிப் போட முடியாது என்று சொல்லிவிடுங்கள், நான் சொன்ன உபயோகம் இதுதான். கூடை எதற்கு என்றால் மருந்து வைத்துக்கொள்ள. துணிப்பூ எதற்கு என்றால், அதற்கு எனக்கே பதில் தோன்றவில்லை, வரும் வழியில் நீங்கள் ஏதாவது யோசித்து வையுங்கள். ஓட்டிக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள். அங்கே யாரிடமாவது ஒரு சைக்கிளை வாங்கி நாலு நாள் பழகிக்கொண்டு வருவது நல்லது.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மட்டும் விட்டால் முறையாகாது. அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான். ஐம்பத்தெட்டு வயதுப் பெண்டாட்டிக்குச் சைக்கிள் என்று அந்த மனிதர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியிலிருந்து சரிந்த போர்வையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மணியடித்துக்கொண்டு போனாளே, அன்றைக்கு இருந்த மாதிரி சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. அது அவளுடைய சைக்கிள். வேறு யாருக்கும் இல்லை. இதை அவளிடம் போய் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், நல்ல படிப்பும் நல்ல வேலையுமாக நீண்ட நாள் வாழ என் ஆசிகள்.

பதிலை அல்ல, தங்களையே எதிர்பார்த்திருக்கும்,
மைத்துனன்

பி.கு.: அண்ணா, இது நான், உங்க தங்கச்சி. 'தபாலில் சேர்க்கவும்'னு சீட்டு வெச்சுட்டு இவர் பன்னிரண்டாவது மனுவோட கிடங்குக்குப் போயிருக்கார். ஒட்டின கவரைப் பிரிச்சது தப்புதான், ஆனா மேல உங்க பேரைப் பார்த்ததும் கை சும்மா இருக்கலை. நீங்க வியாழக்கிழமை வர வேண்டாம், சைக்கிள் பழகவும் வேண்டாம், பழுப்பு உறையும் வராது. ஊருக்கு வந்த அஞ்சாம் நாளே என் பாஸ்போர்ட்டை எடுத்துட்டுப் போய், அது என் சைக்கிள், நான் ஓட்டறதுன்னு சொன்னேன். அங்கேயே ஸ்பானர் வாங்கி, நானே பூட்டி, கிடங்கைச் சுத்தி ரெண்டு ரவுண்டு போய்க் காட்டினேன். கையெழுத்து வாங்கிட்டுக் கொடுத்துட்டாங்க. பக்கத்துத் தெரு தையல்காரம்மா வீட்டுல நிறுத்தியிருக்கேன், தினம் பத்து மணிக்குப் போய் எடுத்துக்குவேன். ரத்த அழுத்தமெல்லாம் ஒண்ணும் இல்லை.

கிடங்குக்காரர் நல்ல மனுஷன். சார்கிட்ட சொல்லிடட்டுமான்னு கேட்டார். வேண்டாம், அவர் மனு எழுதிட்டு வரட்டும், இது என் பெண்டாட்டியோட சைக்கிள்னு என்னைக்கு எழுதறாரோ அன்னைக்குச் சொல்லுங்கன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன். பாவம், அவரும் பதினோரு மனுவையும் படிச்சுப் பார்த்துட்டார், ஒண்ணுலயும் இல்லை. முதல் தடவையா இப்பதான் எழுதியிருக்கார், அதுவும் உங்களுக்கு. படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன் அண்ணா.

இருந்தாலும் அதை என்கிட்ட அவர் வாயால சொல்ற வரைக்கும் நான் பேசப் போறதில்லை. நான் படிச்சதா நீங்களும் காட்டிக்காதீங்க. சொல்லட்டும். சொன்னார்னா அன்னைக்கே உக்கார வெச்சு ஊரைச் சுத்திக் கூட்டிட்டுப் போவேன். அதுக்குன்னுதான் போன வாரம் பின்னால கேரியர் மாட்டினேன்.