மீன் கொட்டிலும் தோசை மாவும்

செவன் ஹில்ஸ், சிட்னி
ஆடி, 1978

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகன் சிறிதரன் விறைத்த விரல்களால் எழுதிக்கொள்வது. நாங்கள் அனைவரும் நலம். நலமில்லாத இடங்களைக் கம்பளிச் சட்டையால் மூடியிருக்கிறோம். அங்கே ஆடிக்கூழ் குடிப்பீர்கள். இங்கே ஆடி என்றால் குளிரில் ஆடுவதுதான்.

விஷயம் இதுதான் மாமா. அப்பாவின் மீன் தொட்டிகள் வரவேற்பறையை நிறைத்து, நாங்கள் விருந்தாளிகள் போல ஓரமாக இருக்கத் தொடங்கியதும், அம்மா அவற்றைத் தோட்டத்துத் தகரக் கொட்டிலுக்கு நாடு கடத்தினா. அப்பா ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு ஹீட்டர் போட்டார், வீட்டு ஃபியூஸ் எரிந்தது. திரும்பவும் போட்டார், திரும்பவும் எரிந்தது. பிறகுதான் அவருடைய எஞ்சினியர் மூளை விழித்தது. "தொட்டியளைச் சூடாக்கிறது விசர் வேலை. கொட்டிலைச் சூடாக்கினா எல்லாத் தொட்டியும் தானாச் சூடாகும்!" சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் தடித்த நுரைப்பலகை அடித்து, இடுக்குகளை அடைத்து, நடுவில் ஒரேயொரு ஹீட்டரை வைத்தார். சூடு மேலே ஏறும் என்பதால் மேல்தட்டில் ஏஞ்சல் மீன் சோடி. இரண்டு வருடமாக முட்டையிடாத சோடி, மாமா. போன கிழமை ஒரு அகல இலையில் முட்டையிட்டது. நான் பிறந்தபோதுகூட அப்பா இப்படிச் சிரித்திருக்கமாட்டார்.

அதே கிழமை அம்மாவின் தோசை மா பொங்கவில்லை. குசினி அடுப்படியில் வைத்தா, போர்வையால் சுற்றினா, என் கட்டிலில்கூடப் படுக்க வைத்தா. மா அசையவில்லை. கடைசியில் பானையோடு கொட்டிலுக்குள் போனா. மறுநாள் தோசை பஞ்சு! அம்மாவின் வாய் சும்மா இருக்குமா? பக்கத்துத் தெரு சத்தியபாமா அன்ரியும் பானையோடு வந்தா. கதவு திறக்கத் திறக்கச் சூடு ஓடியது. அதனால் திறந்த கதவை உடனே சாத்த, அப்பா என்னை வாசலில் துவாரபாலகராக நிறுத்தினார். மீன் வளர்ப்பது அப்பா, வெளியே நின்று விறைப்பது நான்.

சனிக்கிழமை, ஏஞ்சல் தொட்டிக்கு மேலே பலகை போட்டு வைத்த அன்ரியின் பானை பொங்கி வழிந்து தொட்டிக்குள் இறங்கியது. தண்ணீர் பால்.

"ஐயோ, என்ரை முட்டை!" என்றார் அப்பா.

"ஐயோ, அரைப்பானை மா!" என்றா அம்மா.

அப்பா முட்டையோடு இலையைத் தூக்கிப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினார். அன்றிலிருந்து இருவரும் என் மூலமாகத்தான் பேசுகிறார்கள்.

"கொம்மாட்டைச் சொல்லு, இனி ஒரு பானையும் உள்ளுக்கு வரப்படாது."

"கொப்பரிட்டைச் சொல்லு, எனக்கு மீன்குழம்பும் வைக்கத் தெரியும்."

நான் களைத்துப்போனேன், மாமா. முட்டைகள் பிழைக்குமோ தெரியாது. அவை பிழைக்காவிட்டால் இந்த வீடும் பிழைக்காது. அம்மா தன் அண்ணனான உங்கள் சொல்லை மட்டுந்தான் கேட்பா. மீன் இருக்கும் இடத்தில் மாப்பானை வைக்கக்கூடாதென்று கண்டிப்பாக ஒரு வரி எழுதுங்கள்.

மாமியின் காலில் விழுந்து எழும்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். கிரிஜா மச்சாளுக்கு என் குளிர்ந்த அன்பு.

இப்படிக்கு,
கதவடியிலிருந்து,
சிறிதரன்

பி.கு: உறையை ஒட்டுமுன் எழுதுகிறேன். அம்மா பானையைக் குசினிக்குத் திருப்பியதில் இன்று காலைத் தோசை செருப்புத் தோல். அப்பா மென்றார், மென்றார், பாதியில் எழும்பிக் கொட்டிலுக்குப் போனார். அங்கிருந்து ஓடி வந்தார். "இஞ்சரும்! குஞ்சு பொரிச்சிட்டுது! இலை முழுக்க வால் ஆட்டுதுகள்!" என்று நேரே அம்மாவிடமே சொன்னார். பிறகு மாப்பானையைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய்க் கீழ்த்தட்டில் வைத்தார். நிறைந்த பானை சூட்டைப் பிடித்து வைக்குமாம், ஹீட்டர் அடிக்கடி எரியத் தேவையில்லையாம். அன்ரியை இரண்டு பானை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஆகவே மேலே கேட்டதை எழுதிவிடாதேயுங்கோ மாமா. முடிந்தால் கதவுக்கு ஒரு நல்ல சுருள்கம்பி மட்டும் அனுப்புங்கோ, தானாகச் சாத்தட்டும். பானைக்கும் மீனுக்கும் உள்ளே இடம் கிடைத்துவிட்டது. நான் இன்னும் வெளியேதான்.